ஹலால் கேட்கிறோம், தய்யிப் கேட்கிறோமா?

திருவண்ணாமலை மாவட்டத்தில் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஆரணி, 2021 செப்டம்பரில் வேறொரு காரணத்துக்காகச் செய்திகளில் அடிபட்டது. அங்குள்ள ஓர் அசைவ உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிட்ட பத்து வயதுச் சிறுமி உடல்நலம் பாதிக்கப்பட்டு உயிரிழந்தாள். அதே உணவகத்தில் சாப்பிட்ட மேலும் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

கடைகளைக் கண்காணிப்பது அரசின் கடமை. நம் வயிற்றுக்குள் போகும் உணவு என்ன ஆகிறது என்று அறிந்துகொள்வது நம் கடமை.

வாயிலிருந்து குடல் வரை

செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது. பற்கள் அரைக்கும்போதே உமிழ்நீரில் உள்ள நொதி சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க ஆரம்பித்துவிடும். ஒரு கவளம் சோற்றை நன்றாக மென்றால் லேசாக இனிப்பது இதனால்தான்.

அடுத்தது இரைப்பை. இங்கே சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இரண்டு வேலைகள். ஒன்று, இறைச்சி, முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதம் உடைய உதவுவது. மற்றொன்று, உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதபடி அதன் உட்சுவரில் வழவழப்பான சளிப் படலத்தை அல்லாஹ் அமைத்துள்ளான். இரைப்பை சுருங்கி விரிந்து உணவைக் கடைய இடம் வேண்டும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைப் பானத்துக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்கச் சொன்ன நபிமொழியை (திர்மிதீ) இங்கே நினைவுகூரலாம்.

கூழான உணவு பிறகு சிறுகுடலுக்கு இறங்குகிறது. ஆரணிப் பட்டுச்சேலை ஒன்றை ரவிக்கைத் துணியோடு விரித்தால் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவு நீளம்: சுமார் 6 மீட்டர். பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரிக்கிறது. கணையநீர் மீதியை உடைக்கிறது. உட்சுவரில் நெருக்கமாக நிற்கும் குடலுறிஞ்சிகள் சத்தை இரத்தத்தில் சேர்க்கின்றன.

குடிக்கும் நீரும் உடலே சுரக்கும் நீரும் சேர்ந்து நாளொன்றுக்கு 8 முதல் 9 லிட்டர் குடலுக்குள் வருகிறது. சிறுகுடலும் பெருங்குடலும் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி உடலுக்குத் திருப்பித் தருகின்றன. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான்.

காவலைத் தாண்டும் நஞ்சு

அமிலம் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. சரியாக வேகாத கோழியில் சால்மோனெல்லா கிருமி உயிரோடு இருக்கலாம். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி உண்டு. அதன் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. காலையில் இறக்கிய பிரியாணி தேக்ஸாவிலேயே வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால், அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு அழியாது.

கெட்டது உள்ளே வந்ததும் உடல் அதை வாந்தியாகவும் பேதியாகவும் வெளியே தள்ளப் பார்க்கிறது. நீரை உறிஞ்ச வேண்டிய குடல், நீரை இழக்கத் தொடங்குகிறது. சிறு பிள்ளைகளின் உடலில் நீர் இருப்பு குறைவு என்பதால், சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகிவிடும்.

மூடாத கதவு

ஆனாலும் சிறுகுடலில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் ஒன்றாக உள்ளே எடுத்துக்கொள்ளும். கூடவே நீரும் போகும். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தட்டுப்பட்டபோது டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான்.

நாம் செய்ய வேண்டியவை

* ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு சுத்தமான நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்கவும். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் நீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.
* பிள்ளைகளுக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரைகளை நாமாகக் கொடுக்கக் கூடாது.
* மலத்தில் இரத்தம், குழிந்த கண்கள், சிறுநீர் வராமை, மயக்கம், குடித்ததெல்லாம் வாந்தியாவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.
* சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். வலீமா விருந்தில் மீந்ததைப் பங்கிடும்போதும் இதை மறக்க வேண்டாம்.

திருக்குர்ஆன் (2:168) உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால், தய்யிப் என இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. கடைக்குள் நுழையும்போது ஹலாலா என்று தவறாமல் கேட்கிறோம். எப்போது சமைத்தது, எப்படி வைத்திருந்தது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? இனி அதையும் கேட்போம். நம் பிள்ளைகளை அல்லாஹ் பாதுகாப்பானாக!