கூழ்த்தாள் கதைகளும் பகடையும்: ஒரு பாத்திரமேற்பு விளையாட்டின் கதையாக்கம்

நண்பர்கள் நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, பேச்சின் வழியாகவே ஒரு கதையை நிகழ்த்துவது பாத்திரமேற்பு விளையாட்டாகும். ஒருவர் நடுவராக இருந்து காட்சியை விவரிப்பார். ஏனையோர் தத்தம் பாத்திரம் என்ன செய்யும் என்று கூறுவர். ஐயத்திற்குரிய செயலின் விளைவைப் பகடை முடிவு செய்யும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி எனலாம். கதையாக்கத்தை ஆராய்வோர்க்கு அதன் வழித்தோன்றல்களுள் ஒன்றாகிய ‘டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ்’ (2012) மிகுந்த பயன் தரும்.

இவ்விளையாட்டின் வேர், மரக்கூழால் செய்த மலிவுத்தாளில் அச்சிடப்பட்ட ‘பல்ப்’ இதழ்களில் உள்ளது. 1923இல் தொடங்கிய ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில்தான் ராபர்ட் ஈ. ஹோவர்டின் கோனன் 1932இல் முதன்முதலாகத் தோன்றினான். கைகாக்ஸ் 1979இல் எழுதிய நடுவர் கையேட்டின் பின்னிணைப்பு, தமக்கு ஊக்கமளித்த நூல்களைப் பட்டியலிடுகிறது. பட்டியலில் டோல்கீனும் உண்டு. எனினும், மிக நேரடியான தாக்கம் செலுத்தியோராக அவர் எடுத்துரைப்பது ஹோவர்ட், ஃபிரிட்ஸ் லைபர், ஜாக் வான்ஸ், லவ்கிராஃப்ட் முதலியோரையே ஆகும். உலகைக் காக்கும் மாவீரர் அல்லர் இவர்தம் நாயகர். புதையலுக்கும் பிழைப்புக்கும் அலையும் துணிச்சற்காரர். மலிவுத்தாளில் வந்தது என்பதாலேயே ஒரு கதையை ஒதுக்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு என்பதால் இவ்வேறுபாடு கருதத்தக்கது.

‘டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ்’ இம்மனப்போக்கை விதியாகவே மாற்றியுள்ளது. தொடக்கத்தில் எவரும் வீரராக இருப்பதில்லை. ஒவ்வொருவரும் மூன்று, நான்கு எளிய மனிதர்களை ஏற்பர். அவர்களின் வலிமையும் அறிவும் மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையால் அமையும். தொழிலையும் பகடையே தீர்மானிக்கும். ஒருவர் பாலாடைக்கட்டி செய்பவர், ஒருவர் தேனீ வளர்ப்பவர், இன்னொருவர் மலக்குழி அள்ளுபவர். உயிர்ப்புள்ளியோ நான்குமுகப் பகடை ஒன்றை உருட்டிப் பெறுவது. ஒரே கத்திக்குத்தில் மாண்டுபோகலாம். நால்வர் கொண்டுவரும் பன்னிரண்டு பேர் பாழடைந்த குகைக்குள் நுழைந்தால் சிலரே மீள்வர். ஆட்டக்காரர் இதனைப் ‘புனல்’ என்பர். எஞ்சியவரே அனுபவம் பெற்று வீரராகவோ மந்திரவாதியாகவோ கள்வராகவோ உயர்வர்.

நண்பர்களோடு ஆடும் இன்பம் இங்கேதான் பிறக்கிறது. எடுத்துக்காட்டாக, வலிமை மிக்க கொல்லன் முதற்கதவிலேயே பொறியில் சிக்கி இறக்க, எவரும் பொருட்படுத்தாத பாலாடைக்கட்டிக்காரர் தம் நாறும் கட்டியை வீசி எலிக்கூட்டத்தைத் திசைதிருப்பலாம். மேசை சிரிக்கும், அந்நொடி முதல் அவர் பெயர் எல்லார் நினைவிலும் நிற்கும். இவ்வாறு நாயகனை ஆசிரியர் தேர்வதில்லை, நடுவரும் தேர்வதில்லை. நிகழ்ந்த பின்னரே அவன் நாயகன் என்று தெரியவருகிறது. நாவல் இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்.

மந்திரத்தின் அமைப்பும் இத்தகையதே. வான்ஸ் 1950இல் நூலாக வெளியிட்ட கதைகளில் மந்திரவாதி மந்திரத்தை மனப்பாடம் செய்து, ஒருமுறை கூறியதும் மறந்துவிடுவான். 1974ஆம் ஆண்டு விளையாட்டு இதனை ஏற்றுக்கொண்டது. பின்வந்த இவ்விளையாட்டிலோ ஒவ்வொரு முறையும் இருபதுமுகப் பகடை உருட்ட வேண்டும். நன்றாக விழுந்தால் மந்திரம் பேராற்றல் பெறும். ஒன்று விழுந்தால் பிழைத்துப்போய், கூறியவர் உடலையே சிதைக்கவும் கூடும். தம் வலிமையையோ உடலுறுதியையோ காணிக்கையாக்கி எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளவும் வழியுண்டு. அந்தக் காணிக்கையை எவ்வாறு செலுத்துகிறார் என்பதை ஆட்டக்காரர் தம் சொற்களால் விவரிக்கும்போது, எண்கணக்கு கதைகூறலாகிவிடுகிறது.

பழைய கதைகளை ஊற்றாகக் கொள்வதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஹோவர்ட், லவ்கிராஃப்ட் ஆகியோர் எழுத்துகளில் இனவெறுப்பு வெளிப்படையாகவே காணப்படுகிறது. சில இனத்தாரை இயல்பிலேயே தீயோராகக் காட்டும் வழக்கம் அங்கிருந்து விளையாட்டிலும் புகுந்தது. அச்சேறிய கதையை வாசகர் மாற்ற இயலாது; மேசையில் இயலும். காட்டுவாசியைக் கொல்லாமல் அவனோடு பேச ஓர் ஆட்டக்காரர் முனைந்தால், நடுவர் அக்கணமே அவனுக்கு ஒரு பெயரும் ஒரு குறையும் கண்டுபிடித்தாக வேண்டும்.