நீச்சல்குள விபத்துகள்: காரணங்களும் பொறுப்பும்

கோடை விடுமுறையில் நீச்சல்குளம் செல்வது குழந்தைகளுக்குப் பெருமகிழ்ச்சி. ஆயினும் அங்கு நேரும் விபத்து சில நொடிகளில் ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடக்கூடும்.

காரணங்கள்

ஈரத்தரையில் வழுக்கி விழுதல் அடிக்கடி நேர்வது. ஆழம் குறைந்த நீரில் தலைகீழாகப் பாய்வது மிகக் கொடியது. தலை அடித்தளத்தில் மோதினால் கழுத்தெலும்பு முறிந்து, தண்டுவடம் சிதைந்து, கை கால்கள் செயலிழக்கலாம். மூழ்குதல் பெரும்பாலும் ஓசையின்றி நிகழும். மூச்சுக்குத் தவிப்பவரால் கூவியழைக்க இயலாது. ஆகவே குழந்தைகள் எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும்.

உடனடி உதவி

கழுத்தில் அடிபட்டிருக்கலாம் எனத் தோன்றினால் தலையைத் திருப்பாமல், கழுத்தையும் உடலையும் ஒரே நேர்க்கோட்டில் தாங்கி மீட்க வேண்டும். மூழ்கியவரின் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயலலாகாது. மூச்சில்லையெனில் செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் தொடங்கி, 108-ஐ அழைக்க வேண்டும். மீண்டவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

பொறுப்பு யாருடையது?

1972-இல் தில்லியின் நட்சத்திர விடுதி ஒன்றின் நீச்சல்குளத்தில் பாய்ந்த ஜெர்மானிய விமானி ஒருவர், தலை அடித்தளத்தில் மோதிக் கை கால்கள் செயலிழந்தார். 1985-இல் அவர் மறைந்தார். விடுதியே பொறுப்பு என 1997-இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, 50 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. வழக்கு நிலுவையிலிருந்தபோதே அவர் இறந்துவிட்டமையால், பின்னர் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. காலத்தாழ்வு எத்துணை இழப்பைத் தரும் என்பதற்கு இது சான்று.

குளத்தை நடத்துவோர் ஆழத்தைத் தெளிவாகக் குறித்தல், பழுதுகளை நீக்குதல், உயிர்காப்பாளரை அமர்த்துதல் போன்ற தக்க கவனம் செலுத்தக் கடமைப்பட்டவர்கள். பணியாளரின் கவனக்குறைவுக்கும் நிர்வாகமே பொறுப்பேற்க நேரும். எச்சரிக்கையை மீறியவரின் தவறும் கருதப்பட்டு இழப்பீடு குறையலாம். கட்டணம் செலுத்தியவர் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம்.

ஆவணங்களைக் காத்திடுக

விபத்து எங்கே, எவ்வாறு நேர்ந்தது என்பதை மருத்துவரிடம் உள்ளவாறே கூறுங்கள். அதுவே விபத்துப் பதிவேட்டில் இடம்பெறும். ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, கட்டண ரசீதுகள், நுழைவுச்சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அவை தொடர்சிகிச்சைக்கும் உதவும். நீதி கோரும்போது சான்றாகவும் நிற்கும்.