நாளொன்றுக்கு ஒரு பவுன்



குமரி முனையில் நின்று கடலை நோக்கினால் அலைகளுக்கிடையே ஒரு பாறை தோன்றும். நாஞ்சில் நாட்டில் பிறந்த எங்களுக்கு அது பிள்ளைப் பருவத்திலிருந்தே பழகிய காட்சி. 1892ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் விவேகானந்தர் அங்கே தியானத்தில் அமர்ந்தார்; 1893 செப்டம்பர் 11இல் சிகாகோவின் சர்வ சமயப் பேரவையில் முழங்கினார். இவ்விரண்டையும் நீங்கள் படித்திருப்பீர்கள். பாறைக்கும் மேடைக்கும் நடுவே, கையிருப்பு கரையக் கரைய அவர் அயல்நாட்டில் தவித்த நாட்களைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. எனக்கோ அந்த நாட்களே பெரிதாகத் தோன்றுகின்றன.

சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியரும் அவர் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று திரட்டிய பணமே சுவாமியின் வழிச்செலவு. நோட்டாக 170 பவுனும் சில்லறையாக 9 பவுனும் அவர் கையில் இருந்தன. 1893 மே 31இல் பம்பாயில் கப்பலேறினார். சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் வழியாக வான்கூவரில் இறங்கி, ஜூலை இறுதியில் சிகாகோவை அடைந்தார். பசிபிக் கடலின் குளிருக்கு ஏற்ற உடை அவரிடம் இல்லை. மார்கழியிலும் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு திரியும் நம்மவர்க்கு அந்தக் குளிர் எப்படி முன்கூட்டித் தெரியும்?

சிகாகோவில் அப்போது உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. கூட்டம் மிகுந்த ஊரில் விடுதி வாடகை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. அங்கே அவர் விசாரித்து அறிந்தவை இரண்டு: பேரவை கூடுவது செப்டம்பரில், தக்க சான்று இல்லாதவருக்கு அதில் இடமில்லை. அவரிடம் சான்று எதுவும் கிடையாது. போதிய முன்விசாரணை இன்றியே அவரை அனுப்பிவிட்டனர் என்றுதான் நான் கருதுகிறேன். அன்புக்குக் குறைவில்லை, ஏற்பாட்டுக்கே குறைவு.

ஆகஸ்ட் 20இல் அளசிங்கருக்கு அவர் எழுதிய கடிதத்தில் கணக்கு முழுவதும் இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு பவுன் செலவாகிறது. ஒரு சுருட்டுக்கு நம் பணத்தில் எட்டணா கொடுக்க வேண்டும். கையிருப்பு 130 பவுனாகக் குறைந்துவிட்டது. அந்நாளில் ஒரு பவுன் ஏறத்தாழ 16 ரூபாய். பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆக, ஒரு நாள் தங்குவதற்கு 16 ரூபாய், ஒரு சுருட்டுக்கு அரை ரூபாய்! ஊர்ப் பணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அயல்நாட்டு விலையைக் கேட்கும் எவருக்கும் இந்தக் கணக்கு நெஞ்சில் தைக்கும்.

செலவைக் குறைக்கவே பாஸ்டன் பக்கம் சென்றார். இரயிலில் அறிமுகமான கேட் சான்பார்ன் என்னும் எழுத்தாளர் மெட்காஃப் என்ற ஊரிலிருந்த தம் பண்ணை வீட்டுக்கு அவரை அழைத்துச் சென்றார். நாளுக்கு ஒரு பவுன் தமக்கு மிச்சம். அம்மையாருக்கோ நண்பர்களை அழைத்து இந்தியப் புதுமை ஒன்றைக் காட்டும் இலாபம்! இப்படித் தம்மையே நகையாடி எழுதினார் சுவாமி. வறுமையிலும் நகைச்சுவை குன்றவில்லை.

ஆயினும் உடை பெருந்தொல்லை தந்தது. காவியுடையைக் கண்டு தெருவில் கூச்சலிட்டனர். ஊர் நடுவே நடமாட நீண்ட கறுப்பு அங்கி வேண்டும், காவியும் தலைப்பாகையும் சொற்பொழிவுக்கு இருக்கட்டும் என்று அங்குள்ள பெண்மணிகள் யோசனை கூறினர். குளிர்கால உடைக்கு மட்டும் முந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகும் என்றும் எழுதினார். தம்மை அங்கே வைத்துக் காக்க இயலாவிட்டால் நாடு திரும்பவாவது பணம் அனுப்புமாறு அளசிங்கரை வேண்டினார். திரும்பிவிடும் எண்ணம் அத்தனை அருகில் வந்து நின்றது.

அங்கே கிடைத்த அறிமுகங்களின் வழியே ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் நட்பும் கிட்டியது. சுவாமியின் அறிவைக் கண்டு வியந்த அவர் பேரவைக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். சிகாகோவுக்குப் பயணச் சீட்டும் வாங்கித் தந்தார். இடர் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. சிகாகோவில் இறங்கியபோது பேரவை அலுவலகத்தின் முகவரி காணாமற் போயிருந்தது. அன்றிரவு இரயில் நிலையத்தில் சரக்குப் பெட்டியொன்றில் உறங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். மறுநாள் காலையில் துறவியின் வழக்கப்படி வீடு வீடாக நின்று உதவி கேட்டார், கதவுகள் சாத்தப்பட்டன. களைத்துத் தெருவோரம் அமர்ந்தபோது, எதிர் வீட்டிலிருந்து ஓர் அம்மையார் இறங்கி வந்து, "தாங்கள் சமயப் பேரவைக்கு வந்தவரா?" என்று வினவினார்.

அவர் திருமதி ஹேல். உள்ளே அழைத்துச் சென்று உணவளித்தார். பின்னர்த் தாமே பேரவை அலுவலகத்துக்குக் கூட்டிச் சென்றார். டியர்பார்ன் அவென்யூவில் இருந்த அந்த வீடு அமெரிக்காவில் சுவாமிக்குப் பல நாள் முகவரியாக விளங்கியது.