பிழை எங்கே நிற்க வேண்டும்?

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். போன வருஷம் ஓர் உதவித்தொகைக்குக் கம்ப்யூட்டர் சென்டரில் அம்மாவோடு உட்கார்ந்து விண்ணப்பித்தேன். ‘தவறு உள்ளது’ என்று பக்கத்தின் தலையில் ஒரே வரி. எந்தக் கட்டத்தில் தவறு? சொல்லவில்லை. கடைசி நாளும் போச்சு, அம்மாவின் ஒரு நாள் கூலியும் போச்சு.

ஜாங்கோ படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 2005இல் வெளிவந்த வெப் ஃப்ரேம்வொர்க் இது. ‘பின்கோடு 6 இலக்கம்’ என்பது விதி. அது பைத்தானில் இருக்கும். கட்டம் எங்கே, பிழைச்செய்தி எங்கே என்பது தோற்றம். அது டெம்ப்ளேட்டின் வேலை.

ஆரம்பத்தில் படிவம் முழுவதையும் பத்தியாகவோ பட்டியலாகவோ அட்டவணையாகவோ காட்டலாம். அந்த அமைப்பு பிடிக்கலேன்னா ஒவ்வொரு கட்டத்தையும் கையால் எழுதலாம். 20 கட்டம் என்றால் 20 தடவை. ஒன்றில் பிழைச்செய்தியை மறந்தாலும் என் கதைதான்!

2017இல் வந்த 1.11 பதிப்பில் உள்ளீட்டுக் கட்டங்களுக்குத் தனி டெம்ப்ளேட் வந்தது. 2021இல் 4.0 பதிப்பு, முழுப் படிவத்துக்கும் பிழைப்பட்டியலுக்கும் டெம்ப்ளேட் தந்தது. 2023இல் வந்த 5.0 பதிப்பிலோ பெயர், குறிப்பு, பிழை, கட்டம் நான்கும் ஒரே தொகுப்பு. அந்த ஒரு டெம்ப்ளேட்டைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் எல்லாப் படிவமும் மாறும். ஒரு கட்டம் மட்டும் வேறு மாதிரி வேணுமா? அதற்கு மட்டும் தனி டெம்ப்ளேட் கொடுக்கலாம்.

நாளைக்குப் படிவம் செய்யப்போவது நாம்தான், நண்பர்களே. பிழைச்செய்தி அதற்குரிய கட்டத்தின் பக்கத்திலேயே நிற்கட்டும். அங்கே உட்கார்ந்திருப்பது யாரோ ஒருவரின் அம்மா!