மோடமும் அதன் துபாஷியும்

கணினிக்கும் வெளியுலகிற்கும் இடையே நின்று செய்தி கொண்டு செல்லுங் கருவிகளுள் மோடம் என்பது ஒன்று. பண்பேற்றி, பண்பிறக்கி என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முன்பகுதிகளைப் புணர்த்தி ஆக்கிய சொல் இஃது. கணினி அறிந்தன ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளே. பழைய தொலைபேசிக் கம்பியோ நொடிக்கு ஏறக்குறைய 300 முதல் 3400 வரை அதிர்வுடைய ஒலியை மாத்திரமே சுமக்க வல்லது. குறியை ஒலியாக்கி அனுப்பி, வந்த ஒலியை மீண்டும் குறியாக்கித் தருதலே மோடத்தின் தொழில். 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது நம் நாட்டார் அதனுட் புகுந்த வாயில் இக்கருவியே.

இக்கருவி தானே கணினியோடு பேசாது. இரண்டிற்கும் நடுவே ஒரு நிரல் வேண்டும். அதனை ஆங்கிலத்தில் டிரைவர் என்பர். எங்கள் எடப்பாடியிலும் அண்மையிலுள்ள சங்ககிரியிலும் டிரைவர் என்ற மாத்திரத்தே லாரி ஓட்டுபவரே நினைவுக்கு வருவராதலின், தமிழில் வழங்கும் இயக்கி என்னுஞ் சொல்லையே ஈண்டு மேற்கொள்வாம். உண்மையில் அது செய்வது ஓட்டுந் தொழிலன்று. கும்பினியார் காலத்துத் துபாஷியின் தொழில். இரு திறத்தார் மொழியும் அறிந்த துபாஷி இல்லையேல் வாணிகம் எங்ஙனம் நடவாதோ, அங்ஙனமே இயக்கியின்றி மோடமும் இயங்காது.

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கி, அதன் மூலநிரலை யாவரும் காணவும் திருத்தவும் வெளியிட்ட இயங்குதளக் கரு. அதன்வழி வந்த பாஸ் லினக்ஸ், சீடாக் நிறுவனத்தாரால் சென்னையில் ஆக்கப்பெற்று 2007-இல் வெளிவந்தது. நம் அரசினர் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் பெற்ற கணினிகள் பலவற்றுள் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே குடியிருந்தன. ஆகவே மோடத்திற்கு லினக்ஸில் இயக்கி அமைத்தல் என்பது எங்கோ அயல்நாட்டார் கவலையன்று. நம் ஊர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நேர்ந்த இடர்.

அவ்விடரின் வேர் யாதெனின் கூறுவாம். 1981-இல் ஹேய்ஸ் கம்பெனியார் வெளியிட்ட மோடம், ‘ஏடி’ என்று தொடங்குஞ் சில கட்டளைகளை ஏற்று நடந்தது. கவனி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளே அவை. பிறர் செய்த மோடங்களும் அக்கட்டளைகளையே கைக்கொண்டமையால், கணினிக்கு வெளியே வைக்கும் மோடங்களுக்குத் தனி இயக்கி வேண்டாதாயிற்று. பின்னர் விலையைக் குறைக்க எண்ணிய கம்பெனியார், ஒலியைப் பகுத்தறியும் சில்லை மோடத்தினின்று நீக்கி, அவ்வேலையைக் கணினியின் தலையிலேயே சுமத்தினர். இவை வின்மோடம் எனப் பெயர் பெற்றன. மூளையில்லா மோடத்திற்கு மூளையாய் நிற்பது இயக்கியே. அதனையோ விண்டோஸுக்கு மட்டும் எழுதி, உள்ளமைப்பை மறைத்து வைத்தனர். லினக்ஸ் அன்பர் பலர் கூடி எச்சில்லுக்கு எவ்வியக்கி என்று ஆராய்ந்து பட்டியலிட்டனர். லினக்சண்ட் என்னும் கம்பெனி ஒருவகைச் சில்லுக்கு இயக்கி தந்தது. ஆனால் விலையின்றிப் பெறுவது நொடிக்கு 14.4 கிலோபிட் வேகத்தோடு நின்றுவிடும். 56 கிலோபிட் வேண்டுவோர் பணங் கட்டல் வேண்டும். மூலநிரல் மறைந்திருப்பின் விளைவது என்ன என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இயக்கி கிடைத்தாலும் தொல்லை தீராது. லினக்ஸ் கருவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏற்ப இயக்கியைத் தொகுத்தல் வேண்டும். சேலம் வட்டாரத்திற் சேலை நெய்யும் ஜக்கார்டு தறியை அறிந்தார்க்கு இது விளங்கும். 240 கொக்கி உடைய பெட்டிக்குத் துளையிட்ட அட்டையை 480 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் பூ விழாது. அட்டையிற் குற்றமில்லை, பெட்டியிலும் குற்றமில்லை, பொருத்தமே இல்லை. ஒரு பதிப்புக்குத் தொகுத்த இயக்கியை மற்றொரு பதிப்பில் ஏற்ற முயன்றால், வடிவம் செல்லாது என்னும் பொருள்படக் கணினி ஒருவரியில் மறுத்துவிடும். அப்பொழுது செய்யத்தக்கது, கருவின் தலைப்புக் கோப்புகளையும் தொகுப்பியையும் கொணர்ந்து, இயக்கியை அவ்விடத்தேயே மீளத் தொகுத்தல். அவற்றைக் கொணர்வதற்கோ இணையம் வேண்டும்! பைத்தியம் தெளிந்தாற் கலியாணம் ஆகும், கலியாணம் ஆனாற் பைத்தியம் தெளியும் என்னும் பழமொழி இதற்கென்றே பிறந்தது போலும். பிறரிடத்துள்ள கணினியிற் குறுந்தகட்டில் பதிந்து கொண்டு வருதலே அக்காலத்தார் கண்ட வழி.

கம்பி மோடங்களின் காலம் கழிந்து, கைப்பேசி அலைவழி இயங்கும் டாங்கிள் என்னும் விரலளவு மோடம் வந்தபோது புதியதொரு மாயம் தோன்றிற்று. அதனைச் செருகியவுடன் கணினிக்கு அது மோடமாய்த் தோன்றாது, குறுந்தகட்டுப் பெட்டியாய்த் தோன்றும். விண்டோஸுக்குரிய இயக்கியைத் தன்னுள்ளே சுமந்து, அதனை நிறுவியபின் தன்னுரு மாறும்படி செய்திருந்தனர். லினக்ஸோ அவ்வியக்கியைக் கொள்ளாதாகலின், மோடம் வேடங் களையாமலே கிடக்கும். ஹுவாவெய் டாங்கிள்கள் பலவற்றில் வேடத்திலுள்ளபோது அடையாள எண் 1446. வேடங் களைந்தபின் 1001 அல்லது 1436 போல்வதொன்று. யோசுவா டீட்சே என்பார் ஆக்கிய ‘யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்’ என்னும் நிரல், உரு மாறுக என்னும் ஆணையை டாங்கிளுக்கு விடுப்பது. உரு மாறியபின் அதனை ஏற்றுக்கொள்ளும் இயக்கியின் பெயர் ‘ஆப்ஷன்’. விருப்பத்தேர்வு என்று இதற்குப் பொருள் கொள்வார் உளர், அன்று. பெல்ஜிய நாட்டு ஆப்ஷன் கம்பெனியின் அட்டைகளுக்கு முதலில் எழுதப்பட்டுப் பின்னர்ப் பிறர் கருவிகளுக்கும் உரியதாயினமையின் பெற்ற பெயர். இலக்கணம் பயில்வோர் இதனை ஆகுபெயருள் எவ்வகையில் அடக்குவரோ, அறியேன்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பாடங்கள் யாவும் இணையவழி வந்தன. எங்கள் வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி தந்தையாரோடு தறிக்கொட்டகைக்குச் சென்றுவிடும். தமக்கையார் பள்ளியிற் பெற்ற மடிக்கணினியும், நூற்கடைக் கணக்கர் ஒருவர் இரவல் தந்த பழைய டாங்கிளும் மாத்திரமே எஞ்சின. அதில் லினக்ஸையே பயன்படுத்தி வந்தோம். தமக்கையார் மேற்கொண்ட முறை எனக்கு மிகவும் ஏற்புடையதாயிற்று: எதனையும் நிறுவுமுன் கணினி என்ன சொல்கின்றது என்று கேட்டல். ‘டிமெசெக்’ என்று தட்டினால், கரு கண்டவை யாவும் வரிவரியாய் வரும். டாங்கிள் குறுந்தகட்டுப் பெட்டியாய் நிற்பது அதில் தெரிந்தது. ‘எஜெக்ட்’ என்னுங் கட்டளையால் அப்பெட்டியை வெளியேற்றியதும் மூன்று வாயில்கள் தோன்றின. இயக்கி பற்றிக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம். அடுத்து, வாயிலைத் திறக்க உரிமை இல்லை என்று மறுப்பு வந்தது. பயனரை ‘டயல்அவுட்’ என்னுங் குழுவிற் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தபின் அது நீங்கிற்று. பின்னும் வாயில் வேறொருவர் கையில் இருக்கின்றது என்றது. ‘மோடம்மேனேஜர்’ என்னும் நிரல் தானும் அதனையே பிடித்துக்கொண்டிருந்தது, அதனை நிறுத்தினோம். அலைநிறுவனத்தின் வாயிற்பெயரைக் குறித்து *99# என்னும் எண்ணை அழைத்தவுடன் இணைப்பு உண்டாயிற்று.

உண்டாகிய இணைப்பு ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அறுந்தது. இயக்கியை மாற்றுக என்று பலர் கூறினர். தமக்கையார் மறுபடியும் ‘டிமெசெக்’ வரிகளையே நோக்கினார். கருவி பிடுங்கப்பட்டது, மீண்டும் செருகப்பட்டது என்று அவை கூறின. ஒருவரும் அதனைத் தொடவில்லை! எனின், மின்னாற்றல் குறைந்து கருவி தானே அணைந்து எழுகின்றது என்பது பெறப்படும். யூஎஸ்பி இரண்டாம் வகை வாயில் 500 மில்லியாம்பியர் அளவே தரக் கடமைப்பட்டது. தகரக் கூரையின் கீழ் அலை மெலிவுற, டாங்கிள் உரக்கக் கூவ முயன்று மிகுதியும் இழுக்கின்றது. அதனைச் சிறியதொரு நீட்டுக்கம்பியிற் கட்டி, கூரைக்கு வெளியே சாளரத்தருகே தொங்கவிட்டபின் நாள் முழுதும் அறாது நின்றது. இயக்கியின்மேற் பழி சுமத்தி அதனையே மாற்றிக்கொண்டிருந்தால் அவ்வாண்டுப் பாடம் முழுதும் போயிருக்கும்.

நான்காந் தலைமுறை டாங்கிள் பலவும் இக்காலத்துத் தம்மை வலை அட்டையாகவே காட்டிக்கொள்கின்றன. எண் சுழற்றும் வேலையும் இல்லை. கைப்பேசியைக் கம்பியாற் பிணைத்தாலும் அவ்வாறே. இவற்றிற்கு வேண்டும் இயக்கிகள் லினக்ஸ் கருவினுள்ளேயே உள்ளன. பழைய மடிக்கணினி வீட்டிற் கிடக்க, பழைய டாங்கிளும் கைக்கு எட்டுமாயின், கடைக்கு ஓடுமுன் அவ்வரிகளைப் படித்துப் பார்த்தல் நன்று. அவை ஆங்கிலத்தில் இருத்தலால் அஞ்சுவோர்க்கு, கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதும் ‘கணியம்’ என்னும் மின்னிதழ் 2012-ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது என்பதையும் தெரிவித்துக்கொள்ளுகின்றேன்.