கைதட்டலுக்குக் கூலி இல்லை

ஆட்டக்காரர் தொழிலாளி, உரிமையாளர் முதலாளி என்றால் ரசிகர் யார்? கொல்கத்தா கால்பந்தாட்டம் சொல்லும் வர்க்கக் கதை.

ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் கொல்கத்தா மீன் சந்தையில் ஹில்சாவுக்குக் கிராக்கி. மோகன் பகான் ஜெயித்தால் இறாலுக்கு. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் ஒரு பக்கம், மேற்கு வங்கத்தின் பழைய குடும்பங்கள் மறுபக்கம் என்று தலைமுறைகளாகத் தொடரும் பகை இது. 1997 ஜூலையில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இரு அணிகளும் மோதியபோது சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,30,000 பேருக்கு மேல் திரண்டார்கள்.

அத்தனை பேருக்கும் அது 'எங்கள் கிளப்'. உண்மையில் யாருடைய கிளப் என்ற கேள்வி அடுத்த ஆண்டே எழுந்தது. 1998இல் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் இரண்டு கிளப்களிலும் நுழைந்தது. மோகன் பகானின் பெயருக்கு முன்னால் மக்டவல் வந்து உட்கார்ந்தது. ஈஸ்ட் பெங்காலின் பெயருக்கு முன்னால் கிங்ஃபிஷர். ஜென்மப் பகையாளிகள் இருவருக்கும் படியளந்தவர் ஒருவரே.

கோடி வாங்கும் தொழிலாளி

மார்க்ஸ் வர்க்கத்தை வருமானத்தைக் கொண்டு அளக்கவில்லை. உற்பத்திச் சாதனம் யார் கையில் இருக்கிறது, உழைப்பை விற்றுப் பிழைப்பவர் யார் என்பதே அவர் கேட்ட கேள்வி. தன்பாட்டுக்குப் பாடும் பாடகியையும், லாபம் பார்க்கும் ஒருவர் சம்பளம் கொடுத்து மேடையேற்றும் பாடகியையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். பாட்டு ஒன்றுதான். ஆனால் இரண்டாமவர் மூலதனத்தைப் பெருக்கும் உழைப்பாளி. பாடகியின் இடத்தில் ஆட்டக்காரரை வைத்துப் பார்க்கலாம்.

2024 நவம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்குப் போனார். அவரைத் தொழிலாளி என்றால் சிரிப்பு வரலாம். ஆனால் ஏலத்தில் எந்த அணிக்குப் போவது என்பதை ஆட்டக்காரர் முடிவு செய்வதில்லை. அவர் விற்பது தன் உடம்பின் திறமையை. முழங்கால் போனால் வியாபாரம் முடிந்தது. அணியோ அவர் ஓய்வு பெற்ற பிறகும் உரிமையாளரின் சொத்தாகவே இருக்கும்.

உச்சியில் இருப்பவரையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கண்ணில் படமாட்டார்கள். 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியின் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. காரணம்: அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. விளைவு: ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தனது ஆட்டக்காரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தியது. சென்னையின் எஃப்.சி.யும் அணியின் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. ஆலைக் கதவடைப்பைப் பார்த்த எவருக்கும் இது புதிதல்ல.

விற்கப்படுவது எது?

ரசிகரின் நிலை இன்னும் சிக்கலானது. அவர் டிக்கெட் வாங்கும் வாடிக்கையாளர். அதே சமயம், தொலைக்காட்சிக்கும் விளம்பரதாரருக்கும் விற்கப்படும் சரக்கில் பாதியை உற்பத்தி செய்பவரும் அவரே. காலி காலரிக்கு முன் நடக்கும் ஆட்டத்தை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்?

மோகன் பகானின் மதிப்பு அதன் கதையில் இருக்கிறது. 1911இல் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தை எடுத்த கதை அது. அதைப் பாட்டனிடமிருந்து பேரனுக்குக் கடத்தி வந்தவர்கள் ரசிகர்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளும் ஆடியபோது மைதானத்தில் மூண்ட மோதல் காலரிக்குப் பரவியது. நெரிசலில் 16 பேர் இறந்தார்கள்.

2020இல் மோகன் பகானின் கால்பந்து அணியில் 80 சதவீதப் பங்கு ஆர்.பி. சஞ்சீவ் கோயங்கா குழுமத்திடம் போனது. அந்தக் குழுமம் ஏற்கெனவே நடத்திவந்த அணியின் சுருக்கப் பெயரான ஏ.டி.கே. முன்னால் ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் கொதித்தார்கள்; மூன்று ஆண்டுகள் போராடினார்கள். 2023 மார்ச்சில் அணி கோப்பையை வென்ற இரவில் பெயர் நீக்கத்தை அறிவித்தார் கோயங்கா. புதிய பெயரின் வாலில் வந்தது 'சூப்பர் ஜயன்ட்'. ரிஷப் பந்தை வாங்கிய லக்னோ கிரிக்கெட் அணியின் பெயரிலும் இருப்பது அதுதான்; அதுவும் இதே குழுமத்துடையது. ரசிகர்களால் மாற்ற முடிந்தது பெயரை மட்டும். 80 சதவீதம் அப்படியே இருந்தது.

ஈஸ்ட் பெங்காலில் நிலைமை மோசம். முதலீட்டாளரான ஸ்ரீ சிமென்ட்டுடன் இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது பற்றிய தகராறில் 2021 ஜூலையில் கிளப் வாசலில் ரசிகர்கள் திரண்டார்கள். அவர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். போலீஸ் தடியடி நடத்தியது.

பொற்காலமும் அல்ல

முதலாளிகள் வரும் முன் எல்லாம் மக்களுடையதாக இருந்தது என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 1889இல் மோகன் பகானைத் தொடங்கியவர்கள் வட கொல்கத்தாவின் வசதியான குடும்பங்கள். உறுப்பினர் அட்டை உள்ளவருக்கு ஓட்டு இருந்தது. காலரியில் தொண்டை கிழியக் கத்தியவருக்கு இல்லை. 1977 முதல் 34 ஆண்டுகள் ஆண்ட இடது முன்னணி, 1984இல் திறக்கப்பட்ட பிரம்மாண்டமான சால்ட் லேக் ஸ்டேடியத்தைக் கட்டித் தந்தது. கிளப்பில் ரசிகருக்குப் பங்கு என்ற பேச்சு மார்க்சியர் ஆட்சியிலும் சட்டமாகவில்லை. கோப்பை வேண்டும், நல்ல வெளிநாட்டு ஆட்டக்காரர் வேண்டும் என்று கேட்டதும் ரசிகர்களே. அதற்கான பணம் முதலாளியிடம்தான் இருந்தது.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் 1998 முதல் உள்ள விதிப்படி, சில விலக்குகள் தவிர, கால்பந்து அணி நிறுவனத்தின் ஓட்டுரிமையில் பெரும்பான்மை கிளப் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். உறுப்பினர் ஆவதும் சாதாரண ரசிகருக்கு எட்டாத காரியமல்ல. முதலாளி பணம் போடலாம். அணியை மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது.

2024 ஆகஸ்ட் 18 அன்று கொல்கத்தா ஒரு வினோதத்தைப் பார்த்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொலையுண்டதை எதிர்த்து நகரம் கொந்தளித்திருந்த நேரம். பாதுகாப்பைக் காரணம் காட்டி, இரு அணிகளும் மோதவிருந்த டுராண்ட் கோப்பை ஆட்டம் ரத்தானது. ஆட்டம் இல்லாத ஸ்டேடியத்தின் முன் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்கள் ஒன்றாகத் திரண்டு நீதி கேட்டார்கள். மூன்று நிறச் சட்டைகள் மீதும் ஒரே தடி விழுந்தது.

அதை வர்க்கப் போராட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஹில்சாக்காரர்களும் இறால்காரர்களும் சேர்ந்து நிற்க முடியும் என்பது அன்று தெரிந்தது. தங்கள் கிளப்பில் ஓட்டுரிமை கேட்டு அவர்கள் இன்னும் அப்படிச் சேர்ந்து நிற்கவில்லை.