சந்தை நாளின் வெயில்

புதுச்சேரியில் விழுப்புரம் பேருந்து ஏறினால், வில்லியனூர் தாண்டிக் கண்டமங்கலத்தில் தமிழ்நாடு வந்துவிடும். திருபுவனையில் மறுபடி புதுச்சேரி. மதகடிப்பட்டு கடந்து வளவனூர் போனால் மீண்டும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர் காலத்துத் துண்டு நிலங்கள் இவை. இந்திய வானிலைத் துறை மட்டும் இந்தக் குழப்பத்தில் சிக்கவில்லை. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் அதற்கு ஒரே உட்பிரிவு. சென்னை மண்டல மையத்திலிருந்து ஒரே அறிக்கை.

அந்த அறிக்கையில் ஒரு வரம்பு உண்டு. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சே எழும். கடலோரத்தில் 37 போதும். பொதுவாக இரண்டு இடத்திலும் வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலிலிருந்து சுமார் 20 கி.மீ. உள்ளே இருக்கும் மதகடிப்பட்டு எந்தக் கணக்கில் வரும்? கடற்கரைச் சாலையில் பிற்பகல் கடற்காற்று வீசத் தொடங்கும்போது இங்கே இன்னும் அனல்தான். ஜூனில் மேல்காற்று பலத்துவிட்டால், கடற்காற்று உள்ளே வருவதற்குள் பொழுதே சாய்ந்துவிடும். கத்திரி முடிந்த பிறகும் இந்தப் பக்கம் வெயில் குறையாததற்கு இதுவே காரணம். 2023 ஜூனில் இரண்டு அரசுகளுமே பள்ளித் திறப்பைத் தள்ளிவைத்தது நினைவிருக்கலாம்.

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. அன்றைக்கு 39 டிகிரி என்று சொன்னால் மாடு வாங்க வந்தவருக்கு அதில் என்ன தெரியும்? உலக வானிலை அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டி இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. வானம் எப்படி இருக்கும் என்பதோடு நிறுத்தாமல், அது யாரை என்ன செய்யும் என்பதையும் சொல்லச் சொன்னது. தாக்கம் சார்ந்த முன்னறிவிப்பு என்று இதற்குப் பெயர்.

மாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் பெருவயிற்றில் தீவனம் நொதிக்கும்போதே சூடு பிறக்கிறது. அதிகம் கறக்கும் மாடு அதிகம் தின்கிறது, உள்ளே வெப்பமும் அதிகம். அதனால் ஜெர்சிக் கலப்பினம் நாக்கைத் தள்ளி மூச்சிரைக்கும்போது நாட்டு மாடு நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். பால் குறைவது பெரும்பாலும் வெயில் அடித்த அன்றைக்குத் தெரிவதில்லை. ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் மாடு கைமாறிவிட்டால், கறவை பொய் என்று தரகர் மேல் பழி விழும்.

கால்நடை அறிவியலில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரு குறியீடு கணக்கிடுகிறார்கள். 72ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குச் சிரமம் என்பது அமெரிக்கப் பண்ணைகளில் வகுத்த எல்லை. நம் ஊரில் மே மாத இரவு 28 டிகிரியும் 85 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் அந்தக் குறியீடு 80 வருகிறது. நள்ளிரவிலேயே! அந்த எல்லையை இங்கே வைத்தால் கோடை முழுக்க எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருக்கும். யாரும் காதில் வாங்கமாட்டார்கள். நமக்கான எல்லையை நாமே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எந்த வெயிலில் எங்கே என்ன நடந்தது என்ற பழைய பதிவுகள் வேண்டும்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது இறப்புப் பதிவுகளை எண்ணியதால் தெரியவந்தது. 2013இல் அங்கே வந்த வெப்பச் செயல்திட்டத்துக்கு அந்தச் சாவுகளே தூண்டுதல். அங்கே ஒரே மாநகராட்சி. இங்கேயோ, விழுப்புரம் மாவட்டக் கரும்புத் தோட்டத்தில் சுருண்டு விழுபவரைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குத் தூக்கிவரக்கூடும். வெயில் பட்டது ஓர் ஆட்சியில், சீட்டு போட்டது இன்னோர் ஆட்சியில். சந்தையில் விற்ற மாடும் அப்படியே. பால் குறையும்போது அது எந்தப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தின் எல்லையில் நிற்குமோ. தெற்காசிய நாடுகள் 2010 முதல் கூடி, வரும் பருவத்தைப் பற்றி ஒருமித்த கணிப்பு தருகின்றன. பேருந்து அரைமணியில் கடக்கும் இந்த எல்லைகளுக்கு இடையே அதைவிட எளிய வேலை ஒன்று பாக்கி: இரண்டு பக்கத்து மருத்துவமனை, கால்நடைப் பதிவுகளை வெப்பமானி அளவோடு தேதிவாரியாகச் சேர்த்துப் பார்ப்பது.

தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். மேற்கே வளவனூரிலும் கிழக்கே கண்டமங்கலத்திலும் அந்த ஆணை செல்லும். நடுவில் இருக்கும் சந்தைத் திடலில் செல்லாது.